கடலடியில் ஒரு சாளரம்

கடலுக்குத் தமிழிலே பெயர்கள் பல. ஆழி, பௌவம், முந்நீர், புணரி, வாரி, அளக்கர் என நிகண்டுகள் அடுக்கிச் செல்லும். நெய்தல் திணையைப் பாடிய நம் பழம்புலவர்கள் கடலின் ஓசையையும், அலையின் வெண்மையையும், கரையிலே காய்ந்த மீனின் மணத்தையும், புன்னை நிழலையும் தாழை வேலியையும் நுணுகி நுணுகிக் கண்டவர்கள். ஆயினும் அவர்களது கண் பெரும்பாலும் கரையிலேயே நின்றுவிட்டது. நீரின் மேற்பரப்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை அறிந்தவர்கள் மன்னார்க் கடலிலே முத்தும் சங்கும் குளித்தவர்கள்தாம். ஒரு மூச்சு அடங்கும் நேரமே அவர்களுக்குக் கிடைத்தது. அந்த நேரத்துக்குள் சிப்பியைப் பொறுக்குவதா, காட்சியைக் காண்பதா? கண்டவர்கள் எழுதவில்லை, எழுதியவர்கள் காணவில்லை. கடலடி உலகம் நெடுங்காலம் இலக்கியத்துக்கு எட்டாமற் போனதன் காரணம் இதுவே.

இந்த இடைவெளியை நிரப்ப மனிதன் செய்த முயற்சிகளுள் ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். அது அவுஸ்திரேலியாவின் வடகீழ்க் கரையோரத்திலே, பெருந்தடுப்பு முருகைக்கற்பாறைத் தொடரில், கிரீன் தீவு என்னும் சிறு தீவின் அருகே 1954ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட கடலடிக் காட்சிக்கூடம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். பவளம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது நவமணிகளுள் ஒன்றான செம்பவளம். அது ஆழ்கடலிலே வளர்வது. நாம் இங்கு பேசுவது அதன் உறவினமாகிய முருகை. முருகைப் பூச்சிகள் மிகச் சிறியவை; மென்மையானவை. கடல்நீரிலுள்ள சுண்ணாம்பைப் பிரித்தெடுத்துத் தமக்கு வீடு கட்டிக்கொள்பவை. தலைமுறை தலைமுறையாக, வீட்டின்மேல் வீடாகக் கட்டிய அந்தக் கட்டடமே முருகைக்கற்பாறை. அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புத் தொடர் ஏறத்தாழ 2,300 கிலோமீற்றர் நீளமானது. உயிர்கள் கட்டியெழுப்பிய அமைப்புகளிலே இதனினும் பெரியது உலகில் வேறில்லை.

முருகைக்கற்பாறையைக் கடலுக்குள் இருந்தபடியே பார்த்து வரைந்தவர்களுள் முன்னோடி ஒருவர் தம் பணியைச் செய்த இடம் நமது இலங்கை என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். அவர் ஒஸ்திரியா நாட்டுப் பிரபு, ஓயிகன் வொன் ரான்சோனே. 1864 - 1865 காலப்பகுதியில் இலங்கைக்கு வந்த அவர், காலிக் கடலிலே இரும்புத் தகட்டினால் ஆன ஒரு மூழ்குமணிக்குள் அமர்ந்தார். கவிழ்த்த பாத்திரம் போன்ற அந்த மணிக்குள் படகிலிருந்து குழாய் வழியே காற்று செலுத்தப்பட்டது. முன்புறத்தில் தடித்த கண்ணாடிச் சாளரம் ஒன்று. அதன் வழியே பார்த்துப் பார்த்துக் கடலடிக் காட்சிகளைப் பென்சிலால் வரைந்தார். அவற்றை உள்ளடக்கிய அவரது நூல் 1867இல் வியன்னாவில் வெளியாயிற்று. அப்படங்களில் தொலைவு நீலப்பச்சை மூட்டமாகத் தெரியும். நீர் முதலில் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதே அதற்குக் காரணம். கரைக்கு எடுத்து வந்த முருகைத் துண்டை மேசைமீது வைத்து வரைபவருக்கு அந்த மூட்டம் ஒருநாளும் கிட்டாது.

ரான்சோனேக்குப் பின் பலர் பல வழிகளில் முயன்றனர். 1914இல் பகாமாத் தீவுகளில் வில்லியம்சன் என்பவர், தம் தந்தையார் ஆக்கிய நெகிழும் இரும்புக் குழாயின் அடியில் ஓர் அறையைப் பொருத்தி, அதனுள்ளிருந்து கடலடியைத் திரைப்படமாக எடுத்தார். 1928 - 1929இல் இளம் விஞ்ஞானி மோரிஸ் யோங் தலைமையில் பிரித்தானியக் குழு ஒன்று பெருந்தடுப்புத் தொடரின் லோ தீவுகளில் ஓராண்டுக்கு மேல் தங்கி ஆராய்ந்தது. முருகைப் பூச்சியின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் வாழ்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் எத்தகையது என்பதை விளங்கிக்கொள்வதில் இக்குழுவின் பணி பெரிது. 1943இல் பிரான்சிலே கூஸ்தோவும் ககன்யானும் உருவாக்கிய மூச்சுக் கருவி, மனிதன் மீனைப் போலத் தடையின்றி நீந்த வழி செய்தது. எனினும் இவை யாவும் துணிந்த சிலருக்கே உரியனவாக இருந்தன. நீந்தத் தெரியாத ஒரு பாட்டியும், அவள் கைபிடித்த பேரனும் கடலடியைக் காண்பது எப்படி? அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைதான் கிரீன் தீவுக் காட்சிக்கூடம்.

அத்தீவின் கதையைச் சிறிது அறிந்துகொள்வது நல்லது. கெயின்ஸ் நகரிலிருந்து ஏறத்தாழ 27 கிலோமீற்றர் தொலைவில், முருகை மணல் குவிந்து உண்டான சிறு திட்டு அது. குங்கண்ஜி எனப்படும் ஆதிக்குடிகளுக்கு அது வழிவழியாக உரிய இடம். அவர்கள் அதனை வுன்யாமி என்பர். ஆவிகள் உலவும் இடம் என்பது அப்பெயரின் கருத்து. 1770ஆம் ஆண்டு யூன் மாதத்தில் கப்டன் குக்கின் எண்டெவர் என்னும் கப்பல் அவ்வழியே சென்றது. வெள்ளிக்கிரகம் சூரியனைக் கடக்கும் காட்சியை முந்திய ஆண்டிலே தஹித்தித் தீவில் ஆராய்ந்த வானியலாளர் சார்ள்ஸ் கிரீன் அக்கப்பலில் இருந்தார். அவர் பெயரே தீவுக்குச் சூட்டப்பட்டது. கப்பல் அத்தீவைக் கடந்து சென்ற மறுநாளிரவு, யூன் 11ஆம் திகதி, வடக்கே ஒரு முருகைக்கற்பாறையிலே மோதிச் சிக்கிக்கொண்டது. பீரங்கிகளையும் பாரங்களையும் கடலில் எறிந்து, ஏறத்தாழ ஒரு முழுநாள் போராடிய பின்னரே கப்பலை மீட்டனர். எறியப்பட்ட பீரங்கிகள் 1969இல் கண்டெடுக்கப்பட்டன. வானத்திலே கோள் செல்லும் வழியைக் கணித்தவர்களுக்குத் தம் காலடியில் இருந்த பாறை தெரியவில்லை. முருகைக்கற்பாறை என்றால் கப்பலை உடைக்கும் பகை என்பதே ஐரோப்பியர் மனத்தில் பதிந்த முதல் எண்ணமாயிற்று.

அடுத்து வந்தவர்கள் அதைப் பண்டசாலையாகக் கண்டனர். 1850களின் இறுதியில் கிரீன் தீவிலே கடலட்டை பதனிடும் நிலையம் ஒன்று எழுந்தது. கடலட்டையை அவித்துப் புகையூட்டி உலர்த்திச் சீனச் சந்தைக்கு அனுப்பும் தொழில் அது. மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரைகளிலும் இத்தொழிலைக் கண்ட நம்மவருக்கு அதன் முறையும் மணமும் புதியனவல்ல. அடுப்பெரிக்கத் தீவின் மரங்கள் வெட்டப்பட்டன.

முருகைக்கற்பாறையை அழகென்று கண்டு அதைக் காண்பதற்காகவே மக்கள் வந்தது இருபதாம் நூற்றாண்டிலேதான். 1930களில் கண்ணாடி அடித்தளப் படகுகள் ஓடத் தொடங்கின. 1937இல் தீவு தேசிய பூங்காவாக்கப்பட்டது. படகிலிருந்து குனிந்து பார்ப்பதில் ஒரு குறை உண்டு. மேலிருந்து கீழே பார்க்கையில் மீனின் முதுகுதான் தெரியும். அலை ஆடினால் காட்சியும் ஆடும். மீனோடு மீனாக, கண்ணுக்கு நேரே கண் வைத்துப் பார்க்க வேண்டுமானால் பார்ப்பவரே கீழே இறங்க வேண்டும்.

இதனைச் செய்து காட்டியவர்கள் வின்ஸ் விளாசொவ், லொயிட் கிரிக் என்னும் இருவர். பல்கலைக்கழகத்தாரோ அரச பொறியியலாளரோ அல்லர். அப்பிரதேசக் கடலை அறிந்த துணிச்சல்காரர்கள். உருக்கினாலான பெரிய அறை ஒன்றைக் கெயின்ஸ் நகரிலே கட்டி, கடல்வழியே தீவுக்கு இழுத்துச் சென்று, இறங்குதுறையின் முனையிலே அமிழ்த்தி நிறுத்தினர். அதன் எடை ஏறத்தாழ 70 தொன். சுற்றிலும் 22 சாளரங்கள். 1954இல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. முருகைக்கற்பாறையிலே நிலையாக நிறுவப்பட்ட கடலடிக் காட்சிக்கூடங்களுள் உலகிலேயே முதலாவது என அது போற்றப்படுகின்றது.

வேலையின் கடினத்தை ஒரு சிறிய கணக்கினாலே உணரலாம். உள்ளே காற்று நிறைந்த அறையைக் கடல் மேலே தள்ளும். அது இடம்பெயர்க்கும் நீரின் எடை எவ்வளவோ அவ்வளவு விசையுடன் தள்ளும். வெறும் செம்பைக் கவிழ்த்துக் கிணற்று நீரில் அமுக்கிப் பார்த்த பிள்ளைகள் எல்லோருக்கும் இது தெரியும். ஆகவே கூடம் மிதந்துவிடாதிருக்க வேண்டிய பாரம் வேண்டும்; புயலில் அசையாதிருக்கப் பிடிமானமும் வேண்டும். ஆழம் 10 மீற்றர் கூடுந்தோறும் நீரின் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடும். அதைத் தாங்கும் கண்ணாடி தடித்ததாக இருக்க வேண்டும். இத்தனையும் செய்த பின்னரும் உவர்நீர் உருக்கைத் தின்னும். பாசி சாளரத்தின் வெளிப்புறத்தை மூடும். மனிதன் பார்க்க வேண்டுமானால் யாராவது ஒருவர் நீரில் இறங்கிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். மீன்காட்சிச்சாலையிலே மீன் கூண்டுக்குள் இருக்கும். மனிதன் வெளியே நின்று பார்ப்பான். கிரீன் தீவிலே இது தலைகீழாயிற்று. மனிதன் கூண்டுக்குள் புகுந்தான். மீன் தன் விருப்பப்படி வந்தது, விருப்பமில்லாதபோது போயிற்று. நீரும் கண்ணாடியும் ஒளியை வளைப்பதால் மீன்கள் உண்மை அளவினும் பெரியனவாகவும் அண்மையில் உள்ளனவாகவும் தோன்றின. படியிறங்கி வந்தவர்கள் நனையாமல், மூச்சுத் திணறாமல், மேலுலகின் காற்றையே சுவாசித்தபடி இன்னோர் உலகைக் கண்டார்கள்.

கூடம் திறக்கப்பட்ட காலத்தையொட்டி இன்னொருவரும் அக்கடலுக்குப் புறப்பட்டார். விஞ்ஞானக் கதைகளால் புகழ்பெற்ற ஆதர் சி. கிளார்க் 1954இன் இறுதியில் தம் நண்பர் மைக் வில்சனுடன் இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். வழியிலே கொழும்பைக் கண்டார். பெருந்தடுப்புத் தொடரில் மூழ்கிய அனுபவங்களை 1956இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் இலங்கைக்கு வந்து குடியேறி, 2008இல் காலமாகும்வரை இங்கேயே வாழ்ந்தார். இலங்கையின் முருகைக்கற்பாறைகளைப் பற்றியும் 1957இல் அவரது நூல் ஒன்று வெளிவந்தது. அந்தக் கடலையும் இந்தக் கடலையும் ஒருவர் எழுத்திலேயே அருகருகே வைத்துப் படிக்கும் வாய்ப்பு வாசகர்களுக்குக் கிடைத்தது.

காட்சிக்கூடம் அழகை மட்டும் காட்டவில்லை. 1962ஆம் ஆண்டளவில் கிரீன் தீவின் பாறையில் ஒரு விபரீதம் தோன்றியது. முட்கிரீடம் எனப்படும் நட்சத்திர மீன்கள் ஆயிரக்கணக்கிற் பெருகி வந்தன. உடலெங்கும் நச்சு முட்கள், இருபதுவரை கைகள். இது முருகையின்மேல் ஏறி அமர்ந்து, தன் இரைப்பையையே வாய் வழியாக வெளியே தள்ளி, முருகைப் பூச்சிகளைக் கரைத்து உறிஞ்சிவிடும். அது நகர்ந்து போன இடத்தில் எஞ்சுவது வெள்ளெலும்பு போன்ற சுண்ணாம்புக் கூடு மாத்திரமே. வளர்ந்த ஒரு நட்சத்திர மீன் ஓர் ஆண்டில் 10 சதுர மீற்றர் வரை அழிக்க வல்லது. பெருந்தடுப்புத் தொடரில் இத்தகைய பெருக்கம் ஆவணமாகப் பதிவான முதல் இடம் கிரீன் தீவுதான். பாறையின் பெரும்பகுதி சில ஆண்டுகளில் அழிந்தது.

ஏன் இந்தப் பெருக்கம்? குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றொபேட் எண்டியன் இதை ஆராய்ந்து ஒரு கருத்தை முன்வைத்தார். இந்நட்சத்திர மீனை உண்ணும் உயிர்களுள் ஒன்று திரிட்டன் என்னும் பெருஞ்சங்கு. அதன் அழகிய ஓட்டுக்காக மனிதர் அதை அள்ளியெடுத்துவிட்டனர். பகை ஒழிந்ததால் நட்சத்திர மீன் பெருகிற்று என்பது அவர் கருத்து. கரும்புத் தோட்டங்களிலிருந்து ஆறுகள் அடித்துவரும் உரச்சத்து, அதன் குஞ்சுகளுக்கு உணவாகும் நுண்பாசிகளைப் பெருக்குகிறது என்பது பின்வந்தோர் பலரின் கருத்து. இரண்டையும் ஆய்வாளர் இன்றும் எடைபோட்டு வருகின்றனர். வீட்டு அலுமாரியிலே அழகுக்கு வைக்கும் ஒரு சங்குக்கும், மலையடிவாரத் தோட்டத்தில் இடும் உரத்துக்கும், கடலடியில் வெளிறிக் கிடக்கும் பாறைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்ற எண்ணமே அக்காலத்துக்குப் புதியது.

அந்த எண்ணம் மக்களிடையே வேரூன்றும் வேளையில்தான் 1967இல் ஒரு வழக்கு எழுந்தது. எலிசன் பாறை என்னும் முருகைக்கற்பாறையைத் தோண்டிச் சுண்ணாம்பு எடுத்துக் கரும்பு வயல்களுக்கு இட அனுமதி கேட்கப்பட்டது. அது செத்த பாறைதானே என்பது கேட்டவர் வாதம். எதிர்த்து நின்றவர்களின் முன்வரிசையில் ஒரு கவிஞர் இருந்தார். அவர் அவுஸ்திரேலியாவின் பெருங்கவிஞர்களுள் ஒருவரான யூடித் றைட். ஜோன் பஸ்ட் என்ற ஓவியரும், லென் வெப் என்ற காட்டியல் அறிஞரும் அவருடன் நின்றனர். இளம் சுழியோடிகள் சிலர் பாறைக்குச் சென்று மூழ்கிப் பார்த்து, அங்கே உயிர்கள் நிறைந்திருப்பதைக் கணக்கெடுத்து வந்து சாட்சி சொன்னார்கள். அனுமதி மறுக்கப்பட்டது. அடுத்து எண்ணெய் அகழும் திட்டங்களுக்கு எதிராகவும் போராட்டம் நீண்டது. 1974இல் கிரீன் தீவின் பாறை கடற்பூங்காவாயிற்று. 1975இல் பெருந்தடுப்புத் தொடர் முழுவதற்குமான கடற்பூங்காச் சட்டம் பிறந்தது. 1981இல் அத்தொடர் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. தம் போராட்டத்தின் வரலாற்றை யூடித் றைட் 1977இல் நூலாகத் தந்தார்.

ஓர் ஓவியரும் கவிஞரும் சுழியோடிகளும் அரசாங்கத்தை அசைத்தது எவ்வாறு? மக்கள் அவர்கள் பின்னே நின்றமையால். மக்கள் ஏன் நின்றார்கள்? கண்ணாடிப் படகிலும், திரைப்படத்திலும், கிரீன் தீவின் சாளரங்களிலும் பலர் அந்த உலகத்தைக் கண்டிருந்தார்கள். காணாத ஒன்றுக்காக வழக்காட வருவோர் மிகச் சிலர். ஒரு தலைமுறையின் கண்ணைத் திறந்ததில் அந்த இரும்புக்கூடத்துக்கும் பங்குண்டு என நான் கருதுகின்றேன்.

இதன் வழியிலே பிற இடங்களிலும் கூடங்கள் எழுந்தன. 1969இல் அதே தொடரின் ஹூக் தீவிலும், 1970களில் ஜப்பானியக் கரைகளிலும், செங்கடலில் ஏலாத் நகரிலும் இவை தோன்றின. பின்னர் மூச்சுக் கருவி அணிந்து மூழ்குவது பலருக்கும் எளிதாயிற்று, பாதி அமிழ்ந்து ஓடும் கண்ணாடிப் படகுகள் வந்தன, புயல்கள் வந்தன. ஹூக் தீவின் கூடம் மூடப்பட்டுவிட்டது. நிலையாக ஓரிடத்தில் நின்று பார்க்கும் காலம் மெல்லக் கழிந்தது.

ஆனால் நிலையாக நின்று பார்ப்பதிலே ஒரு பயன் உண்டு. ஒரே இடத்தை ஆண்டுக்கணக்கிற் பார்ப்பவனுக்குத்தான் மாற்றம் தெரியும். இன்று முருகையின் பெரும்பகை கடல்நீரின் வெப்பம். நீர் அளவுக்கு மீறிச் சூடேறும்போது முருகைப் பூச்சி தன்னுள் வாழும் பாசிகளை வெளியேற்றிவிடும். நிறம் போகும், உணவு போகும், சூடு தணியாவிட்டால் உயிரும் போகும். பெருந்தடுப்புத் தொடரிலே இத்தகைய பெருவெளிறல் 1998, 2002, 2016, 2017, 2020, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்தது. ஆண்டுகளுக்கிடையிலான இடைவெளி சுருங்கி வருவதை நேயர்கள் கவனிக்க வேண்டும். நோயாளி எழுந்து உட்காருமுன் அடுத்த காய்ச்சல் வந்துவிடுகிறது. 1998இன் வெப்பம் நமது ஹிக்கடுவைக் கடலையும் விட்டுவைக்கவில்லை.

நம் நாட்டில் முருகைக்கல்லைச் சுண்ணாம்புக் காளவாயில் இட்டு எரிப்பது நெடுநாள் வழக்கம். வீட்டுச் சுவருக்கும் வெற்றிலைக்கும் அதுவே பயன்பட்டது. தென்மேற்குக் கரையிலே கடலுக்குள்ளிருந்தே பாறையைப் பெயர்த்தெடுத்தார்கள். வறியவர்களின் பிழைப்பு அது. அவர்களை மட்டும் குற்றஞ்சாட்டுவது முறையன்று. எனினும் கடல் கணக்கு வைத்திருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது, பாறை காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலையின் உயரம் 2 - 3 மீற்றர். நீர் உட்புகுந்தது 50 மீற்றர் அளவே. அங்கிருந்து ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தொலைவில், முருகை பெயர்க்கப்பட்டிருந்த பெரலியவில் அலை 10 மீற்றர் உயர்ந்தது. ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே சென்றது. நின்ற புகையிரதத்தையும், அதில் அடைக்கலம் புகுந்தோரையும் அது வாரிச் சென்றது. அங்கு மாண்டவர் ஏறத்தாழ 1,700 பேர். அனர்த்தத்தின் பின் வந்து அளந்த ஆய்வாளர்கள், பாறை அகற்றப்பட்டதை இவ்வேறுபாட்டுக்கு முக்கிய காரணமாகச் சுட்டினர்.

கிரீன் தீவிலே இரண்டு மனிதர் உருக்கால் ஓர் அறை கட்டி, கண்ணாடி வைத்து, ஊராரை அழைத்துக் காட்டினார்கள். அங்கே கண்டவர்கள் பின்னர் காக்க முன்வந்தார்கள். நம்மிடம் அத்தகைய கூடம் இல்லை. திருகோணமலையின் புறாத்தீவிலும் ஹிக்கடுவையிலும் கடல் தேசிய பூங்காக்கள் உண்டு. நெய்தலைப் படிப்பிக்கும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உள்ளது. புன்னையையும் தாழையையும் கருப்பொருளாகச் சொல்லும்போது, அலைக்குக் கீழே கல்லைக் கட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சிறு பூச்சியையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இயலுமானால் ஒருமுறை அழைத்துச் சென்று காட்டுங்கள். கரையிலே நாம் கட்டிய வீடுகள் நிற்பதும் விழுவதும் அது கட்டிய வீட்டைப் பொறுத்தது.